இது எந்த ஊர் படம்? – வாசகர் கேள்விகள்

கேள்வி (காரைக்குடி வாசகி): பரணில் கிடைத்த பழைய படத்தில் தாத்தா ஒரு கடை வாசலில் காரில் சாய்ந்து நிற்கிறார். பர்மா என்கிறார் அப்பா, மலேயா என்கிறார் பெரியப்பா. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் தாத்தாவைப் பார்ப்பதை நிறுத்துங்கள். அவர் எங்கே போயிருந்தாலும் அதே வேட்டி சட்டையில்தான் நின்றிருப்பார். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், அந்தக் கால ஸ்டூடியோக்கள் அட்டையின் ஓரத்திலோ பின்னாலோ தங்கள் பெயரையும் ஊரையும் பதிப்பது சகஜம், தெருவில் எடுத்த படமானாலும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது ஒரு ஸ்டூடியோதானே. அங்கே ஒன்றும் இல்லையென்றால் கடைப் பலகை. எழுத்து வட்ட வட்டமாக ஓடினால் பர்மா. சீன எழுத்தோடு, அரபி மாதிரித் தெரியும் ஜாவி எழுத்தும் இருந்தால் (மலாய் மொழியை அப்போது அதில்தான் பெரும்பாலும் எழுதினார்கள்) பெரியப்பா பக்கம் சாயலாம். சீன எழுத்து மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள், ரங்கூனிலும் சீனர் கடைகள் உண்டு.

அப்புறம் கார் நம்பர். போருக்குப் பிந்தைய மலேயாப் படம் என்றால் முதல் எழுத்தே மாநிலத்தைச் சொல்லிவிடும்: ஏ என்றால் பேராக், ஜே என்றால் ஜொகூர், கே என்றால் கெடா. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில் பயனில்லை, பர்மாவில் 1970 வரை இடப்பக்கம்தான் ஓட்டினார்கள், மலேயாவிலும் அதே.

இன்னொன்று, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டுவிடுவது உண்டு. பலகையைப் படிக்க முடிந்தால் கவலையில்லை. முடியாவிட்டால் சட்டைப் பை எந்தப் பக்கம், பக்கத்தில் பாட்டி நின்றால் முந்தானை எந்தத் தோளில்? வலத் தோள் என்றால் படம் புரண்டிருக்க வாய்ப்பு அதிகம். (பாட்டி குஜராத்திக் கட்டு கட்டியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.)

கேள்வி (நாகர்கோவில் மாணவர்): நண்பகல் நிழல் வடக்கே விழுந்தால் அது வட அரைக்கோளம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரியா?

பதில்: கடக ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்குச் சரி, உங்கள் ஊருக்குச் சரிப்படாது. நாகர்கோவிலில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் நேரத்தில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும், நிழல் தெற்கே விழும். சென்னையில் இது ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதிய சூத்திரத்தை நம் ஊர் வெயிலில் போட்டால் இப்படித்தான்.

ஆனால் இடம் தெரிந்துவிட்ட பிறகு நிழல் ஒரு நல்ல சாட்சி. 2018இல் ஒரு கொடூரமான வீடியோ வெளிவந்தது, ராணுவ உடையில் இருந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். அவர்கள் ஆப்பிரிக்க நாடான கேமரூனின் சிப்பாய்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது, பொய்ச் செய்தி என்றது கேமரூன் அரசு. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு வீடியோவின் தொடக்கத்தில் பின்னால் தெரிந்த மலைமுகட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் வளைவு நெளிவைச் செயற்கைக்கோள் நிலப்படத்தில் தேடி, கேமரூனின் வட கோடியில் ஜெலெவெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. எந்தக் கட்டடம் எந்த வருடப் படத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துக் காலத்தைக் குறுக்கினார்கள். கடைசியாக நடந்துபோகும் ஒரு சிப்பாயின் நிழலை அளந்து, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையே என்று சொன்னார்கள். 2020இல் ராணுவ நீதிமன்றம் நான்கு சிப்பாய்களுக்குப் பத்து ஆண்டு சிறை கொடுத்தது. வீடியோவைப் பார்த்த யாருக்கும் மலை கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி (கோவை வாசகர்): வாட்ஸ்அப்பில் ஒரு குண்டும்குழியுமான ரோடு படம் வந்தது. எங்கள் பக்கம் என்கிறார்கள், எனக்குக் கேரளா மாதிரித் தெரிகிறது.

பதில்: வண்டி நம்பரை வைத்துச் சொல்கிறீர்களா? கோவையில் கேரள வண்டிக்கா பஞ்சம்! நகர்கிற பொருளை அரை சாட்சியாகவும் நகராத பொருளை முழு சாட்சியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மைல்கல், கடைப் பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர், சுவர் விளம்பரம், மின்கம்பம். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை, திட்டுவது யாரை என்றாவது அதில் தெரியும். காம்பவுண்டுச் சுவர் பூசாத செந்நிற வெட்டுக்கல்லாக இருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு வலு கூடும். ஊர் சரியாகவே இருந்தாலும் வருடம் பழசாக இருக்கலாம், படத்தை கூகுள் லென்ஸில் போட்டு இதற்கு முன் எங்கே வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகி): என் பெண் தினமும் படம் போடுகிறாள். வீட்டைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

பதில்: முடியும். செல்போன் கேமராவில் இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால் படக் கோப்புக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். 2012இல் போலீசுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபி, ஆன்டி வைரஸ் புகழ் மனிதர், அவருடன் இருந்த பத்திரிகைக்காரர்கள் போட்ட ஒரே படத்தில் இருந்த இந்தத் தகவலால்தான் குவாத்தமாலாவில் இருப்பது வெளியானது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் இருப்பிடத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் எடுத்த படத்தில் பின்னால் மலைக்கோட்டை தெரிந்தால் அதை எந்த செட்டிங்கும் அணைக்காது.

கேள்வி (ஈரோடு வாசகர்): கூகுள் கார் எடுத்த தெருப் படத்தைக் காட்டி இது எந்த இடம் என்று கேட்கும் ஜியோகெஸர் விளையாட்டில் ரோட்டை ஒரு நொடி பார்த்ததுமே நாட்டைச் சொல்கிறார்களே, எப்படி?

பதில்: பாதி படிப்பு, பாதி தில்லுமுல்லு. கானாவில் படம் எடுத்த கூகுள் காரின் மேல் கம்பியில் ஒரு கறுப்பு டேப் சுற்றியிருக்கும், கென்யாவில் காரின் புகைபோக்கி மாதிரியான காற்றுக்குழாய் தெரியும். ரோட்டைப் பார்க்கவே வேண்டாம், காரைப் பார்த்தால் போதும். விளையாட்டுக்குச் சரி. காரைக்குடிப் பரணுக்கு உதவாது.