சோலார் மிச்சத்தில் கார் சார்ஜ் ஆகவில்லை என்றால் கரன்ட் சென்சார் பழுதா?

சோலாரில் மிச்சமாவதை மட்டும் காருக்குக் கொடுக்கும்படி சார்ஜரை அமைத்திருக்கிறீர்கள். மேகம் மூடினால் கரன்ட் குறைய வேண்டும். உங்கள் வீட்டிலோ அது ஏறிக்கொண்டே போய் 32 ஆம்பியரில் நிற்கிறது. மெயின் வயரில் மாட்டிய சி.டி. கிளாம்பை (வயரைச் சுற்றி மாட்டி, அதில் ஓடும் கரன்டை அளக்கும் சென்சார்) மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குப் புதிது வாங்காதீர்கள். சி.டி.க்குள் இருப்பது ஒரு காந்த வளையமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறி, பெரும்பாலும் திசை மாறி மாட்டியதால் வருவது. வெளியிலிருந்து 1,000 வாட் வாங்கும்போது, அதை 1,000 வாட் மிச்சம் என்று சார்ஜர் நினைத்துக்கொள்கிறது. அந்த மிச்சத்தையும் காருக்குக் கொடுக்கிறது. இப்போது வாங்குவது 2,000 ஆகிவிட்டது, சார்ஜர் கண்ணுக்கு மிச்சமும் 2,000. இப்படியே ஏறி உச்ச வரம்பில்தான் நிற்கும்.

உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. இருட்டிய பிறகு செய்யுங்கள், சோலார் உற்பத்தி குறுக்கே வராது. கார் சார்ஜரை நிறுத்துங்கள், வீட்டு பேட்டரி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வெளியிலிருந்து வாங்கும் வாட்டைச் செயலியில் காட்டும் எண்ணைக் (வாங்குவது பிளஸ், வெளியே அனுப்புவது மைனஸ் என்று கொள்வோம்) குறித்துக்கொண்டு, 2,000 வாட் வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள். மொத்த எண் எவ்வளவு என்பது முக்கியமல்ல, அது எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பாருங்கள். ஃபிரிட்ஜ், ஏசி வேண்டாம், அவை ஒரே அளவில் இழுக்காது. ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். மின்னழுத்தம் 220 ஆக இருந்தால் 1,830 வாட் அளவில் நிற்கும், அது சரியான அளவுதான்.

எண் ஏறக்குறைய 2,000 கூடினால் சென்சாரில் குறையில்லை. 2,000 குறைந்தால் கிளாம்ப் தலைகீழ். அதன் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை உங்கள் கருவியின் கையேட்டில் பார்த்துத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். செயலியிலேயே குறியை மாற்றும் வசதி இருந்தாலும், கிளாம்பைத் திருப்புவதையே நான் விரும்புவேன். அமைப்புகள் ஒருநாள் அழிந்துபோனாலும் கிளாம்ப் மாட்டிய திசை அப்படியே இருக்கும். எண் அசையவே இல்லை என்றால் வளையத்துக்குள் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். போகும் கரன்டும் திரும்பும் கரன்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு வயர்தான் உள்ளே இருக்க வேண்டும். சோலார் பேனலிலிருந்து வரும் டிசி வயரில் மாட்டினாலும் எதுவும் தெரியாது. சி.டி. ஏசியை மட்டுமே உணரும்.

இனி என் வீட்டில் நடந்தது. எங்களுடையது மூன்று ஃபேஸ். ஹீட்டரைப் போட்டால் எண் 1,000 குறைந்தது. கிளாம்பைத் திருப்பியதும் 1,000 கூடியது. குறி சரியாகிவிட்டதால் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டோம். பல வாரங்களுக்குப் பிறகுதான் அதே திரையில் பவர் ஃபேக்டர் (வோல்டேஜும் கரன்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.5 என்று இருப்பதைக் கவனித்தேன். ஹீட்டர் வெறும் மின்தடை, அதற்கு 1-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காரணம் இதுதான்: முதல் ஃபேஸின் கரன்டை, இரண்டாவது ஃபேஸின் வோல்டேஜோடு பெருக்கிக்கொண்டிருந்தது கருவி. ஃபேஸ்களுக்கு இடையே 120 பாகை இடைவெளி, அதன் கொசைன் −0.5. அதனால்தான் 2,000 வாட், −1,000 ஆகத் தெரிந்தது. திருப்பி மாட்டியது பிழையை மறைத்ததே தவிர நீக்கவில்லை. இரண்டு கிளாம்புகளை இடம் மாற்றியதும், முதலில் இருந்த திசையிலேயே முழு 2,000 வந்தது. மூன்று ஃபேஸ் என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் தனித்தனியாக இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பாதி அளவு, அதுவும் எதிர்க்குறியில் வந்தால், கிளாம்பைத் திருப்பாதீர்கள், இடம் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம், எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மீட்டரிலிருந்து வரும் வயரில், எல்லாக் கிளைகளும் பிரியும் முன்பே கிளாம்ப் இருக்க வேண்டும். கார் சார்ஜருக்கான வயர் அதற்கு முன்னாலேயே பிரிந்துவிட்டால், சார்ஜர் தான் எடுப்பதையே பார்க்காது. எவ்வளவு எடுத்தாலும் மிச்சம் குறையாதது போலத் தெரியும், உங்கள் மெயின் ஃபியூஸைக் காக்க வேண்டிய லோடு கட்டுப்பாடும் வேலை செய்யாது. காரை 6 ஆம்பியரில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஒற்றை ஃபேஸில் எண் சுமார் 1,400 வாட் நகர வேண்டும்.

எல்லா எண்ணும் ஒரே மடங்கில் தப்பினால் சி.டி. அளவு அமைப்பில் தவறு. 100 ஆம்பியர் கிளாம்பை 200 என்று பதிந்திருந்தால் எல்லாம் இரட்டிப்பாகும். கொஞ்சம் குறைவாகக் காட்டினால் கிளாம்ப் 'கிளிக்' என்று மூடியிருக்கிறதா, இரு பாதிகளும் சேரும் இடத்தில் தூசி உண்டா என்று பாருங்கள். முடி அளவு இடைவெளி போதும், அளவு குறைந்துவிடும்.

சில விஷயங்களைப் பழுது என்று எண்ண வேண்டாம். ஒற்றை ஃபேஸில் மிச்சம் 1,400 வாட்டுக்குக் குறைவாக இருந்தால் கார் சார்ஜ் ஆகாது, ஏனென்றால் கார் ஏற்கும் குறைந்தபட்சமே 6 ஆம்பியர். இரவில் சோலார் இன்வெர்ட்டரின் ஏசி வயரில் சில பத்து வாட் தெரிவதும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கபாசிட்டர்களால்தான்.

கிளாம்பைத் தொடும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் மீட்டர் பக்கத்து வயரில் மின்சாரம் இருக்கும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: முதலில் கிளாம்பைத் திறந்து வயரிலிருந்து எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் கருவியிலிருந்து சி.டி.யின் இணைப்பைக் கழற்ற வேண்டும். கரன்ட் ஓடும் வயரில் மாட்டியபடியே இணைப்பைக் கழற்றினால், உள்ளே பாதுகாப்பு இல்லாத சி.டி.யின் முனைகளில் ஆபத்தான அளவுக்கு வோல்டேஜ் ஏறும்.