கள்ள உறுதி முடிக்கிறவர்களைப் பார்த்த பிறகும் பிள்ளையைச் சட்டம் படிக்க விடலாமா?

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணிகளே கள்ள உறுதிக்கு, அதாவது ஏமாற்றி எழுதுகிற காணிப் பத்திரத்துக்கு, துணை போகிறார்கள், இந்தத் தொழிலில் நேர்மையாக இருந்து பிழைக்க முடியுமா, எங்கள் வீட்டுப் பிள்ளை சட்டம் படிக்க நிற்கிறாள், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், ஊரில் உங்கள் காணியில் ஏதோ நடந்திருக்கிறது, படிக்க நிற்கிற பிள்ளை உங்கள் அண்ணனின் மகளோ அக்காவின் மகளோ என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

விடுங்கள், படிக்கட்டும். இதுதான் என் பதில். ஆனால் அதை இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நான் யாழ்ப்பாணத்தில் 13 வருடமாகச் சட்டத்தரணியும் நொத்தாரிசுமாக (காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர், அதைத்தான் உறுதி முடிப்பது என்போம்) இருக்கிறேன், நீங்கள் கேட்ட இடம் எனக்கு வலிக்கிற இடம்.

2014இல் நடந்தது இது. நான் சத்தியப்பிரமாணம் செய்து இரண்டு வருடம். அப்பாவின் ஊரைச் சேர்ந்த ஒருவர், அப்பாவிடம் படித்தவர், ஒரு நன்கொடை உறுதி முடிக்க வேண்டும் என்று தன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆச்சிக்கு எண்பது தாண்டியிருக்கும். நாலு பரப்புக் (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) காணியும் கல்வீடும், அவவுக்குச் சீதனமாக வந்தது. புருசன் செத்துப்போனதால் அவவின் கையெழுத்து மட்டும் போதும், அவர் உயிரோடு இருந்திருந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அவருடைய சம்மதமும் வேண்டும். பழைய உறுதி சரி, காணிப் பதிவகத்தில் பார்த்ததும் சரி, ஈடு (அடமானம்) இல்லை, வழக்கு இல்லை. எழுதிக் கொடுப்பது பெறாமகனுக்கு, அதாவது வந்த அந்த ஆளுக்கு. சாட்சிக்கு இரண்டு பேரையும் அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்திருந்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் தொழில் பழகிய மூத்த சட்டத்தரணி 1974க்கு முதல் பிரக்கிராசியாகத் தொழில் தொடங்கியவர் (வழக்கறிஞர்கள் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு வகையாக இருந்ததை அந்த வருடம் தொடங்கும்போதுதான் சட்டத்தரணி என்று ஒன்றாக்கினார்கள்). எழுதிக் கொடுக்கிற ஆளோடு ஐந்து நிமிடம் தனியக் கதைக்காமல் பேனையைத் திறக்காதே என்பார். அதனால் மற்ற எல்லோரையும் விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. ஒரு கால் நூலால் கட்டிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுட்டு விரலால் மேசையில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தா. கையெழுத்துப் பிழைக்கக் கூடாது என்று பழகுகிறா. ஒரு எழுத்தில் விரல் நின்றுவிடும், திரும்ப முதலில் இருந்து தொடங்குவா.

"ஆச்சி, காணியை ஆருக்கு எழுதுறியள்?" என்று கேட்டேன்.

"சின்னவளுக்குத்தான் பிள்ளை. கனடாவில இருக்கிறாள். வந்தால் இருக்கிறதுக்கு ஒரு வீடு வேணுமெல்லோ."

நான் உறுதி வரைவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதில் சின்னவளின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. வாசித்துக் காட்டினேன். முதல் தரம் விளங்கவில்லை, இரண்டாம் தரம் வாசித்தபோது கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினா, துடைத்துக்கொண்டே இருந்தா. பிறகு மெதுவாகக் கேட்டா, "அவன் வெளியில நிக்கிறானோ?"

நான் முடிக்கவில்லை. வெளியே போய் இந்த உறுதியை என்னால் முடிக்க முடியாது என்றேன். "நீங்கள் முடிக்காட்டி வேற ஆள் இல்லையோ தங்கச்சி?" என்று கேட்டார், சத்தம் போடாமல், சிரித்துக்கொண்டே. அன்று பின்னேரம் அப்பாவுக்குக் கோல் வந்தது. மாஸ்ரரின் மகள் எங்களைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்று. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது ஒன்றுக்கும் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறொரு காணிக்குப் பதிவேடு பார்க்கும்போது கண்டேன். நான் மறுத்துப் பத்து நாளைக்குள் இன்னொரு நொத்தாரிசு அதே உறுதியை முடித்திருந்தார். அதே இரண்டு சாட்சிகள்.

இதைப் படித்துவிட்டு, நீ ஒரு உறுதி முடிக்காமல் விட்டது பெரிய தியாகமா என்று கீழே எழுத வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், தியாகம் என்று நான் சொல்லவே இல்லை. எழுதிக் கொடுக்கிறவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்சிகள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் 1907ஆம் ஆண்டு நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற கடமை. மறுத்தது என் கடமை. எனக்கு வலிப்பது மறுத்த பிறகு நான் சும்மா இருந்தது. ஆச்சியின் மகளின் தொலைபேசி இலக்கத்தை ஊரில் இரண்டு பேரிடம் கேட்டால் எடுத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. தொழில் இரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பயம். புதிதாகத் தொழில் தொடங்கிய பிள்ளை, அப்பாவுக்கு ஊரில் இருக்கிற பெயர், அந்த ஆள் சிரித்த சிரிப்பு. என் பெயர் பழுதில்லாமல் இருந்தது, ஆச்சியின் வீடு போய்விட்டது.

2017 நல்லூர்த் திருவிழாவுக்கு மகள் வந்தா. தாய் தன் வீட்டிலேயே பின்பக்கத்து அறையில் இருப்பதைக் கண்டபிறகு, விசாரித்து விசாரித்து என் கந்தோருக்கு வந்தா. முதலில் மறுத்த ஒரு பெண் சட்டத்தரணி இருக்கிறா என்று ஆச்சியே சொல்லியிருக்கிறா. மூன்று வருடம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறா, எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. மூத்தவரிடம் ஓடினேன். அவர் சாட்சிக் கட்டளைச் சட்டத்தில் தொழில் இரகசியம் பற்றிய 126ஆம் பிரிவைத் திறந்து வைத்து, சட்டத்துக்கு மாறான காரியத்துக்காக உன்னிடம் சொன்னதை அந்த இரகசியம் காப்பாற்றாது, அதுவும் எழுதிக் கொடுக்க வந்த ஆச்சியே பேசச் சொன்னால் நீ என்னத்தை மறைக்கப்போகிறாய் என்று கேட்டார். அன்றைய என் டயரிக் குறிப்பு இருந்தது, திகதி, நேரம், ஆச்சி சொன்ன வசனம். சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம்) கொடுத்தேன். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு ஐந்து வருடம் இழுபட்டது. ஆச்சி சாட்சி சொல்ல முன்னமே 2019இல் போய்விட்டா. கடைசியில் இணக்கத்துக்கு வந்து உறுதி ரத்தாகி வீடு மகளுக்குத் திரும்பியது, அந்த ஆளுக்கு ஓரத்தில் ஒரு பரப்பு போனது. மகள் கேட்டுக்கொண்டதால் முடித்த நொத்தாரிசுமீது முறைப்பாடு எதுவும் போகவில்லை. வழக்கே போதும் என்றா. எனக்கு இன்னமும் அது சரியென்று படவில்லை.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் காணியில் இப்படி ஏதும் நடந்திருந்தால் வழக்கோடு நிற்க வேண்டாம் என்பதுதான். சட்டத்தரணிகளை இடைநிறுத்தவும் பெயரை நீக்கவும் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்கு 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, 1988இல் ஆக்கிய நடத்தை விதிகளும் இருக்கின்றன. சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு செய்யலாம். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. இருக்கிற வழியில் போகாமல் பேஸ்புக்கில் மட்டும் "கள்ளக் கூட்டம்" என்று எழுதிவிட்டுப் போகிறோம், அப்படிச் செய்தால் அந்த ஆள் அடுத்த கிழமையும் உறுதி முடிப்பார்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், கொலைகாரருக்கும் ஆஜராகிற கூட்டம்தானே என்று எழுதியிருந்தார். அவருக்கும் ஒரு சொல். புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்ட பிறகு, 2015 மே 20 அன்று, சனம் கோபத்தில் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்தது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் 2017 செப்டெம்பரில் அதே யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் இருந்து 7 பேருக்கு மரண தண்டனை விதித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் பக்கத்திலும் சட்டத்தரணிகள் நின்று குறுக்கு விசாரணை செய்து முடித்திருந்தார்கள். அதனால்தான் அதைத் தீர்ப்பு என்று சொல்கிறோம்.

சரி, பிள்ளையின் படிப்புக்கு வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சட்டத்துறை இருக்கிறது, உயர்தரப் பரீட்சைப் புள்ளி போதுமென்றால் அங்கே போகலாம். இல்லாவிட்டால் கொழும்பு புதுக்கடையில் சட்டக் கல்லூரி, நுழைவுப் பரீட்சை எழுதி மூன்று வருடம். எந்த வழியாகப் போனாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைத் தாண்டி, ஒரு மூத்தவரிடம் ஆறு மாதம் பழகி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி. அந்த ஆறு மாதம் யாரிடம் பழகுகிறாள் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். கட்டணம், போர்டிங், புத்தகம் எல்லாவற்றையும்விட அது முக்கியம், ஏனென்றால் கதவைச் சாத்திவிட்டு ஆச்சியிடம் தனியக் கேட்க வேண்டும் என்று எனக்கு எந்த விரிவுரையிலும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் மொழி. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, கேட்காவிட்டாலும் கேளுங்கள். நான் 2008இல் சட்டக் கல்லூரிக்குப் போனபோது யுத்தத்தால் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டு. பயண அனுமதியான பாஸ் எடுத்துக் கப்பலில் திருகோணமலை போய் அங்கிருந்து பஸ், கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துப் பொலிசில் பதிந்து, அப்படிப் போய் இருந்தால் தீர்ப்பறிக்கைகள் எல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் படித்தவள். ஒரு பக்கத்தை அகராதியோடு ஒரு மணித்தியாலம் வாசித்திருக்கிறேன். 2020 கடைசியில் சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது என்று வர்த்தமானி வந்தது, 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. நான் அன்று அழுதேன். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆங்கிலம் இல்லாமல் இந்தத் தொழிலில் மேன்முறையீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, பிள்ளையை இப்போதே படிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஆச்சியிடம் உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டியது தமிழில். அந்த வேலைக்கு வருகிற பிள்ளையைப் பரீட்சை வாசலிலேயே மொழியைக் காட்டித் திருப்பி அனுப்புவது எந்த நியாயம்? வன்னியிலும் தீவுப்பகுதியிலும் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பிக்காமலே விட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.

பிழைக்க முடியுமா என்றும் கேட்டீர்கள். முடிகிறது. மறுத்த உறுதிகளுக்குக் கணக்கு வைக்கவில்லை, ஆனால் அந்த ஆச்சிக்குப் பிறகு மறுத்த ஒவ்வொன்றிலும், எழுதிக் கொடுக்க வந்தவர் சம்மதித்தால், அவரின் பிள்ளை ஒருவருக்கு அவர் முன்னிலையிலேயே கோல் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இதனால் இரண்டு தரகர்கள் என் பக்கம் ஆட்களை அனுப்புவதில்லை. போகட்டும்.

பிள்ளை படிக்கத் தொடங்க முன் ஒரு கிழமை என் கந்தோரில் வந்து இருக்கட்டும். விருப்பமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலையில்தான் உறுதி வேலை கூட, பத்தரைக்கு இராகுகாலம் தொடங்க முன் எல்லோரும் கையெழுத்து வைத்துவிட வேண்டும் என்று நிற்பார்கள். அவளை எட்டரைக்கே வரச் சொல்லுங்கள்.