திருகோணமலையில் இருந்துகொண்டு டிசைனுக்கான யோசனைகளை எங்கே தேடுவது? இங்கே ஒரு கண்காட்சிகூட வருவதில்லையே?

இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை. "இந்த ஊரில் என்ன இருக்கு?" என்ற பேச்சை டிசைன் வேலை தொடங்கிய காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். நீங்களும் என்னைப்போல் வீட்டில் இருந்தே கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலை செய்கிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வருகிறவர் போனில் பாலித்தீவு ஹோட்டல் படம் ஒன்றைக் காட்டி "இப்படியே வேணும்" என்பார். பின்டரெஸ்ட்டில் தேடினாலும் அதே படம்தான் திரும்பத் திரும்ப வரும்.

உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலை வந்தது. வரவேற்பறைச் சுவரும் அறைக் கதவுகளும் செய்ய வேண்டும். அதன் உரிமையாளரும் பாலிதான் கேட்டார். "அண்ணை, பாலிக்குப் போறவங்க அதை அங்க பார்ப்பாங்க. திருகோணமலைக்கு வாறவங்களுக்கு எங்கட சாமானைக் காட்டுவோம்" என்றேன். அரைமனதோடு தலையாட்டினார்.

மூதூர்ப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஊரில் பனையோலைப் பாய் இழைக்கிற ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். நான் படம் எடுக்கத் தொடங்கியதும், "போனை வைச்சிட்டு ஓலையைப் பிடி பிள்ளை" என்றார். காய்ந்த சார்வோலையை ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் வார்ந்து, கொஞ்சத்தை மட்டும் சிவப்புச் சாயத்தில் அவித்து உலர்த்தி வைத்திருந்தார். பாய் மூலையில் தொடங்கிச் சாய்வாக வளர்கிறது. சிவப்போலை ஒன்று சாய்வாகவே ஓடி விளிம்புக்கு வரும். அங்கே அதை வெட்டுவதில்லை. மடித்து மறுபக்கம் திருப்பிவிடுகிறார், அது வேறொரு சாய்வில் பாய்க்குள் திரும்பி ஓடுகிறது. எதிரே வரும் இன்னொரு சிவப்போலையை அது சந்திக்கிற இடத்தில் முழுச் சிவப்புக் கட்டம் விழுகிறது. வெள்ளோலையைச் சந்திக்கிற இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளி விழுகிறது. பாயின் கரை தனியாக ஒட்டிய பார்டர் இல்லை, ஓலை மடங்கியதால் வந்தது.

எனக்கு அந்த வேலையில் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். போட்டோவில் எனக்குத் தெரிந்திருப்பது சிவப்பு வெள்ளைக் கட்டம் மட்டும். அதை டிரேஸ் பண்ணிச் சுவரில் ஒட்டினால் வால்பேப்பர்தான் வரும். ஓலை விளிம்பில் மடங்கித் திரும்புகிறதைப் பார்த்த பிறகு சுவரை வேறு மாதிரி வரைந்தேன். கோடுகள் சாய்வாக ஓடிச் சுவர் மூலையில் மடங்கி அடுத்த சுவருக்குப் போய், அங்கிருந்து கதவில் ஏறின. இரண்டே நிறம். ஆசாரியாருக்கு விளக்கிச் சொல்லும்போதும் பாயைத்தான் கையில் கொடுத்தேன், உடனே பிடித்துக்கொண்டார். அந்தச் சுவரை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பெருமைதான்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1949-51இல் கண்டியில் கட்டிய கருணாரத்ன வீட்டிலேயே, கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளில் வைத்துவிட்டார். அவரைப் பற்றித் தேடிப் படியுங்கள், கட்டடக்கலை படிக்காதவர்களுக்கும் பிரயோசனப்படும்.

"ஏழைக் கிழவியின் தொழிலைத் திருடிவிட்டு வந்து பேசுகிறாள்" என்று யாராவது எழுதக்கூடும். ஆச்சியிடம் கேட்டுத்தான் செய்தேன். என் கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போனது, பாய்களும் அவரிடமே வாங்கினோம். நான் சண்டை போட்டது பெயருக்காக. சுவரின் ஓரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு தகடு வைத்து ஆச்சியின் பெயரையும் ஊரையும் போடக் கேட்டேன். "பாய் இழைக்கிற ஆளுக்கெல்லாம் பெயர் போடுறதா?" என்றார் உரிமையாளர். கட்டடம் வரைந்தவர் பெயர் வாசலில் இருக்கிறது, பெயின்ட் கம்பனியின் பெயர்கூட ஸ்டிக்கராக இருக்கிறது. இன்றுவரை அந்தத் தகடு வரவில்லை.

அதே வாசலில் இருக்கிற ஃபிளெக்ஸ் போர்டையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் பெரிதாக, அழகாக இருக்கிறது. கீழே தமிழ் சுருங்கி, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. கையால் போர்டு எழுதியவர்கள் இருந்த காலத்தில் இந்தக் கேடு இருக்கவில்லை. திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். அதற்கும் பதில் இல்லை. தமிழர் கடைகளிலேயே இப்படி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பழைய கட்டடங்களுக்கு வருகிறேன். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசல் கல்லொன்றில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்தும் இன்னும் இருக்கின்றன. கோட்டைக்குள் இப்போதுள்ள கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். அந்தக் கயலைக் கால்மிதியில் போட்டுத் தரச் சொல்லி ஒருவர் கேட்டார், மாட்டேன் என்றேன். இடிபட்ட கோயிலின் கல் அது. டிசைனுக்கு எடுக்கக் கூடாதவை சிலவும் இருக்கின்றன என்பது என் கருத்து, பிடிவாதக்காரி என்று சொன்னாலும் பரவாயில்லை.

வடிவம் பழக நான் போகிற இடம் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரை. 11ஆம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. பின்னேர வெயிலில் அதன் அடித்தளத்தைப் பாருங்கள். நிறமே இல்லாமல், வெளியே தள்ளியும் உள்ளே வாங்கியும் கட்டிய வரிகளில் விழுகிற நிழல்தான் அலங்காரம். பென்சிலோடு போங்கள், போட்டோவில் அந்த ஆழம் தட்டையாகிவிடும்.

கண்காட்சி வருவதில்லை என்பது உண்மைதான், எனக்கும் அதில் மனக்குறை உண்டு. கொழும்புக்குத்தான் போக வேண்டும். 2022இல் அங்கே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். கட்டடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தை இலை இலையாக வரைந்திருக்கிறார்கள். வெட்டக்கூடாத மரம் எது என்று வரைபடத்திலேயே தெரியும். 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன, ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் கூச்சப்படாமல் போகலாம். இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்பில் இறங்கிவிடலாம்.

ஆனால் காசும் நேரமும் குறைவு என்றால் முதலில் ஓலை இழைக்கிற ஒருவரைத் தேடிப் போங்கள். மாரி தொடங்குமுன் போங்கள், மழையில் ஓலை காயாது. வெறுங்கையோடு போய் வேடிக்கை பார்க்காமல் ஒரு பாயாவது சொல்லிவைத்து, முற்பணமும் கொடுங்கள்.