சேர்வராயன் மலையின் புற்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் சென்று காட்டுப்புற்களைக் கைபேசியில் படமெடுத்து வருகிறேன். பாதிக்கு மேற்பட்டவற்றின் பெயர் தெரியவில்லை. இம்மலையின் தாவரங்கள் ஏற்கெனவே நூல்களில் பட்டியலிடப்பட்டுவிட்டன என்றும் சொல்கிறார்கள். என் முயற்சிக்குப் பயன் உண்டா?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயமாக உண்டு, ஆனால் படம் மட்டும் போதாது. புல்லின் அடையாளம் சில மில்லிமீட்டரே உள்ள சிறுகதிரிலும் (புல்லின் பூக்களைத் தாங்கும் சிறு அலகு), அதன் உமிகளில் ஓடும் நரம்புகளிலும், உமி நுனியின் மீசையிலும், இலையும் இலையுறையும் சேருமிடத்தில் உள்ள சவ்வுநாக்கிலும் இருக்கிறது. இவற்றை உருப்பெருக்கியின் கீழ் பிரித்துப் பார்க்காமல், ஒரே சரிவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாசனைப்புல் இனங்களைக்கூட உறுதியாக வேறுபடுத்த இயலாது. ஆகவே கதிர்விட்ட புல்லை வேரோடு எடுங்கள். அது ஓராண்டுப் புல்லா, பல்லாண்டுப் புல்லா என்பதை அடிப்பகுதியே காட்டும். நீண்ட தண்டை வெட்டாமல் மடக்கிச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரம் போகும்வரை தாளை நாள்தோறும் மாற்றுங்கள்.

பட்டியல்கள் இருப்பது உண்மையே. தாவரவியலாளர் காம்பிள் தொடங்கி ஃபிஷர் 1936இல் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவரநூலும், 1980களில் உலர்த்திய செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து தாவரவியலாளர் மேத்யூ வெளியிட்ட தொகுதிகளும் இன்றியமையாதவை. ஆயினும் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் உயரும் ஒரு மலையில், 'சேர்வராயன்' என்ற ஊர்க்குறிப்பு மட்டும் ஒரு புல் எந்தச் சரிவில் நின்றது என்பதைச் சொல்லிவிடாது. காப்பித் தோட்டங்கள் பரவி, சில இடங்களில் பாக்சைட் தோண்டப்பட்டு, உண்ணிச்செடி புதராக மண்டிய மலை இது. ஊசிப்புல் போன்றவை வெயிலை நம்பி வாழ்பவை. நிழல் மூடினால் ஓசையின்றி மறைந்துபோகும். எனவே அரியவற்றை மட்டும் தேடாதீர்கள். இடத்தின் ஆயத்தொலைவுகள், உயரம், மண், நிழல், நாள் ஆகியவற்றோடு எழுதப்பட்ட சாதாரண ஊசிப்புல்லின் குறிப்பே, அது அங்கிருந்து அகன்றபின் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியம். மாடு எதை மேயும், கூரைக்கு எதை வேய்ந்தார்கள் என்பவற்றை இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள். தாவரவியலாளர்கள் இதைப் போதிய அளவு செய்யவில்லை என்பது என் எண்ணம்.

காப்புக்காட்டில் வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. அதுவரை உரிமையாளரின் இசைவோடு தோட்ட ஓரங்களில் தொடங்கலாம். ஒவ்வொரு மாதிரிக்கும் எண்ணிட்டு, அதன் இணைமாதிரி ஒன்றைக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திற்கோ ராபினாட் உலர்தாவரகத்திற்கோ கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.