சன்னலோரத் தொட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

லாஸ் ஏஞ்சலிஸில் வசிக்கிறேன். பிப்ரவரியில் சான் கேப்ரியல் மலையிடுக்கில் நடந்தபோது, நீல இறகில் ஆரஞ்சுப் பொட்டுகள் கொண்ட மிகச் சிறிய பட்டாம்பூச்சி ஒன்றைப் பார்த்தேன். சொனோரன் ப்ளூ என்றார்கள். அது பாலைவனத்துப் பூச்சியா? தமிழில் அதற்கு என்ன பெயரிடலாம்? அதன் நினைவாக, பாறையிலிருந்து தடித்த இலைகள் கொண்ட சிறிய டட்லியாச் செடியொன்றைப் பெயர்த்துவந்து சன்னலோரம் வைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

பெயரை நீங்களே வையுங்கள், அதற்கு அவசரமில்லை. சொனோரா என்ற பாலைவனப் பகுதியின் பெயரைச் சுமந்தாலும் அது பெரும்பாலும் கலிபோர்னியாவின் பாறைச் சரிவுகளில் வாழ்வது. உங்கள் கடைசி வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு ரூபாய் நாணயத்தளவே உள்ள பூச்சியைக் கண்டு நெகிழ்ந்த கையோடு அதன் தொட்டிலையும் பிடுங்கிவந்திருக்கிறீர்கள். அதன் புழுவுக்கு டட்லியாவே உணவு. தடித்த இலையைத் துளைத்து உள்ளே புகுந்து, அதன் சதையைத் தின்று வளர்கிறது. எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. மாதக்கணக்கில் கூட்டுப்புழுவாக உறங்கிவிட்டுக் குளிர்காலக் கடைசியில் இறகு விரித்து வரும் தாய்க்கு, முட்டையிட அந்தச் செடி அதே பாறையில் இருந்தாக வேண்டும். 'ஒன்றுதானே' என்பீர்கள். தென் கொரியாவுக்கும் சீனாவுக்கும் இச்செடிகளை ஆயிரக்கணக்கில் கடத்தியவர்கள் இருந்ததால், இவற்றைப் பெயர்ப்பதற்கு எதிராகக் கலிபோர்னியாவில் தனிச் சட்டமே வந்து 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் கடத்தல்காரர் அல்லர், அறிவேன். ஆனால் அந்தப் பாறையில் எத்தனை செடிகள் நின்றன என்று எண்ணினீர்களா?

உங்களைத் திட்ட எனக்குப் பெரிய தகுதி ஒன்றுமில்லை. சிறுவயதில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ரணகள்ளி இருந்தது. புத்தகத்துக்குள் வைத்தாலும் விளிம்பில் குட்டி போடும் அந்த இலைகள் ஒருநாள் உள்ளே கருத்து, தோல் மட்டும் மிஞ்சித் தொங்கின. நோய் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒடித்து அடுப்பில் போட்டேன். பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது, ஆங்கிலத்தில் ரெட் பியரோ எனப்படும் நம்மூர்ப் பட்டாம்பூச்சியின் புழுவும் அப்படி இலைக்குள்ளேயே குடியிருப்பது என்று. ரணகள்ளியும் டட்லியாவும் ஒரே தாவரக் குடும்பம். கறுப்பு வெள்ளை இறகில் செந்நிறத் திட்டுடன் அது பறப்பதைக் காணும்போதெல்லாம் அந்த அடுப்புதான் நினைவுக்கு வருகிறது.

இன்று மாலை தொட்டியை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வோர் இலையாகப் பாருங்கள். சிறு துளை தெரிந்தால் இலையைக் கிள்ளாதீர்கள். உடனே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.