தரங்கம்பாடியின் கீழ்த்தளம்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் நண்பர்களோடு தரங்கம்பாடியில் கடற்கரையை ஒட்டிக் கூடாரம் போட்டுத் தங்கினோம். டேனிஷ் கோட்டையை அரைமணி நேரத்தில் பார்த்து முடித்தோம். அருங்காட்சியகத்தில் ஒரே தூசி. கீழ்த்தள அறைகள் இருட்டாக இருந்ததால் எட்டிப் பார்த்துவிட்டு மேலே போய், பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டோம். ராஜா வாழ்ந்த இடம் போலவே இல்லை. இதைவிட நல்ல கடற்கோட்டை எது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

விடுமுறைக்குக் கோட்டையைத் தேடிப் போகிறீர்களே, அதுவே எனக்கு மகிழ்ச்சி. தூசியை விடுங்கள், துடைத்தால் போய்விடும். கீழ்த்தளத்துக்குள் நுழையாமல் திரும்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கே எந்த ராஜாவும் வாழவில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620இல் டேனிஷ்காரர்கள் மிளகு வியாபாரத்துக்காகக் கட்டியது அது. கவர்னர் மேலே, சரக்கும் வெடிமருந்தும் கைதிகளும் கீழே. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தக் கோட்டையில் சீகன்பால்கு நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். டென்மார்க் அரசரே அனுப்பிவைத்த பாதிரியார் அவர். 1706இல் வந்தவரை 1708 கடைசியில் சிறையில் போட்டார்கள். எதற்கு? நாவிதர் ஒருவர் இறந்துபோனார். அவருக்கும் டேனிஷ் வணிகக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளருக்கும் இடையே கடன் தகராறு இருந்தது. நாவிதரின் மனைவிக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். கலகத்தைத் தூண்டுகிறார் என்று கோட்டையின் கமாண்டர் ஹாசியஸ் அவரை உள்ளே தள்ளினார்.

என் அத்தையின் கணவர் இறந்து காரியம் முடிவதற்குள், கடன் பத்திரத்தோடு ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்ததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். பத்திரத்தை மடியில் விரித்து, மடிப்பை விரலால் நீவிக்கொண்டே பேசினார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார். தெருவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதனால் அந்த நாவிதரின் மனைவியை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. எனக்கு அது அவருடைய கோட்டை. கவர்னருடையது அல்ல. நீங்களோ வாசல்வரை போய், இருட்டு என்று திரும்பிவிட்டீர்கள்! பீரங்கி எந்தக் கோட்டையிலும் கிடைக்கும் தம்பி.

வேறு இடம் வேண்டுமென்றால் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் பார்க்க வேண்டியவை. அதற்கு முன் தரங்கம்பாடிக்கே மறுபடி போங்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் அறை அறையாக நின்று பாருங்கள். பிறகு ராஜ வீதியில் நடந்து புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போங்கள். 1719இல் இறந்த சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கூடாரத்தை அதன் பிறகு எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.