டீபக்கரில் ப்ராசஸைக் கட்டுப்படுத்தும் கோட் சிக்கலாகிவிட்டது. சுத்தம் செய்வதை எங்கிருந்து தொடங்குவது?

லினக்ஸில் ஓடும் டீபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி), இன்னொரு ப்ராசஸைக் கட்டுப்படுத்தும் பிடிரேஸ் (ptrace) என்ற கர்னல் அழைப்பை நம்பி எழுதியது. ப்ராசஸ் நின்றதும் செய்தி தரும் வெயிட்பிட் (waitpid) அழைப்பு திரும்பியதும் எல்லா முடிவையும் எடுக்கும் ராட்சத ஃபங்ஷன் ஒன்று, அதைச் சுற்றிக் கைநிறைய குளோபல்கள் (எங்கிருந்தும் மாற்றக்கூடிய பொது மாறிகள்). இதைச் சிறு சிறு ஃபங்ஷன்களாக வெட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கோடைப் பல வருடம் பராமரித்தவன் நான். நீளமான ஃபங்ஷனோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம். த்ரெட் (ப்ராசஸுக்குள் தனியே ஓடும் இழை) ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் வேலையும், இனி என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வேலையும் பின்னிக் கிடந்தால்தான் பைத்தியம் பிடிக்கும்.

எக்ஸ்86 ப்ராசசரில் பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த பைட்டைப் பத்திரப்படுத்திவிட்டு, இன்ட்3 என்ற ஒரு பைட் கட்டளையை எழுதுகிறோம். த்ரெட் அதில் மோதி சிக்ட்ராப் (SIGTRAP) சிக்னலோடு நிற்கும்போது பிசி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) அந்த பைட்டைத் தாண்டியிருக்கும். அதனால் 1 கழிக்க வேண்டும். (64 பிட் ஆர்மில் பிசி அந்தக் கட்டளையிலேயே நிற்கும், கழிக்கவே கூடாது.) இந்தக் கழித்தல் உங்கள் கோடில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்ததில் ஸ்டேட்டஸைப் படிக்கும் இடத்தில் ஒன்று, ஸ்டெப் (ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓடவிடுவது) கிளையில் ஒன்று, அப்புறம் த்ரெட்டை மறுபடி ஓடவிடும் இடத்தில் 'இன்னும் கழிக்கவில்லை என்றால்' என்று ஒரு ஃபிளாகோடு இன்னொன்று. இரண்டு தடவை கழிந்தால் பிசி பெரும்பாலும் முந்தைய கட்டளையின் நடுவில் போய் உட்காரும். தனியே ஒழுங்காக ஓடும் நிரல் டீபக்கருக்குள் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்து விழும். பயன்படுத்துபவர் பாவம், தன் நிரலைத்தான் சந்தேகப்படுவார்.

ஆகவே முதல் வேலை, வெயிட்பிட் தரும் ஸ்டேட்டஸ் எண்ணைத் தொடும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எந்த த்ரெட், எந்த வகை நிகழ்வு, சரிசெய்த பிசி, சிக்னல் எண் என்று ஒரு சின்ன ஸ்ட்ரக்டை அது வெளியே தரட்டும். அடுத்த ஃபங்ஷன் அதையும் அந்த த்ரெட்டின் நிலையையும் வாங்கிக்கொண்டு 'ஓடவிடு', 'ஒரு ஸ்டெப் போ', 'பயனருக்குச் சொல்' என்று முடிவை மட்டும் திருப்பித் தரட்டும். அதற்குள் பிடிரேஸ் அழைப்பு ஒன்றுகூட வேண்டாம். அப்போதுதான் நிஜ ப்ராசஸ் இல்லாமலே, பதிவு செய்துவைத்த நிகழ்வுகளை ஊட்டி அதைச் சோதிக்க முடியும். டைமிங்கால் வரும் பிழைகளுக்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குளோபல்களைத் த்ரெட்டுக்கு ஒன்றாகப் பிரிப்பது அடுத்தது. ஒரு த்ரெட்டை ஸ்டெப் செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்றின் நிகழ்வு வந்தால் 'ஸ்டெப் நடக்கிறது' என்ற குளோபல் யாரைக் குறிக்கும்? பிரபல டீபக்கரான ஜிடிபியும் (GDB) இதே பாதையில்தான் வந்தது. ஸ்டெப் தொடர்பான நிலை அங்கே இன்று ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்ட்ரக்டிலும் தனித்தனியாக இருக்கிறது. அதன் இன்ஃப்ரன்.சி (infrun.c) கோப்பைப் பொறுமையாகப் படியுங்கள். அழகான கோட் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கமென்டுகள் தங்கம்.

விநோதமாகத் தெரியும் கிளைகளை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஓடும் ப்ராசஸோடு டீபக்கரை அட்டாச் செய்யும்போது கர்னல் அனுப்பும் சிக்ஸ்டாப் (SIGSTOP) என்ற நிறுத்தும் சிக்னலுக்கு முன்னால் வேறு சிக்னல் வந்து நிற்கலாம். புதிய த்ரெட்டின் முதல் நிறுத்தம், அதைப் பெற்ற த்ரெட்டின் குளோன் நிகழ்வுக்கு (புதிய த்ரெட் பிறந்தது என்ற செய்திக்கு) முன்பே கைக்கு வரலாம். இரண்டு த்ரெட்கள் ஒரே பிரேக்பாயிண்டில் மோதி, ஒன்றை மட்டும் பயனருக்குக் காட்டியிருக்கும்போது அவர் அந்த பிரேக்பாயிண்டை நீக்கிவிடலாம். அப்போது மிச்சமிருக்கும் சிக்ட்ராப்பை விழுங்கிவிட்டு பிசியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தேவையற்றதாகத் தோன்றும் இஃப்களில் பாதி இவற்றுக்காக எழுதியவையாக இருக்கும். முதல் வகையை மட்டும் உண்மையிலேயே ஒழிக்கலாம். லினக்ஸ் 3.4இல் வந்த பிடிரேஸ் சீஸ் (PTRACE_SEIZE), சிக்ஸ்டாப் அனுப்பாமலே இணையும். பழைய கர்னல்களை ஆதரிக்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் அதற்கு மாறிவிடுங்கள்.

பிடிரேஸ் அழைப்பு ஈஎஸ்ஆர்சிஎச் (ESRCH, 'அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை') பிழையைத் தந்தால் பேசாமல் விட்டுவிடும் வரிகளும் உங்கள் கோடில் நிச்சயம் இருக்கும். அவற்றுக்கு இரண்டு காரணம் உண்டு. நின்றுகொண்டிருந்த த்ரெட்டை யாரோ சிக்கில் (SIGKILL) சிக்னல் அனுப்பிக் கொன்றிருக்கலாம், இல்லை ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை நீங்கள் தொட்டிருக்கலாம். நிலையைத் த்ரெட்வாரியாகப் பிரித்தபின் இதை எளிதாக இனம் பிரிக்கலாம். உங்கள் பதிவு 'நிற்கிறது' என்று சொன்னால், அது செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு வெயிட்பிட்டின் செய்திக்குக் காத்திருங்கள். 'ஓடுகிறது' என்று சொன்னால் பிழை உங்களுடையது, அங்கே அசர்ட் (தவறினால் உடனே நிரலை நிறுத்தும் சோதனை) போடுங்கள்.